சால் பாஸின் கத்தரியும் ரெனால்ட் பிரவுனின் தூரிகையும்

சினிமா போஸ்டர் ஓவியம் பற்றி வந்த கேள்விகளை மொத்தமாக இந்த இதழுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

தி. நகர் வாசகர்: ‘வெர்டிகோ’ போஸ்டரைச் செய்த சால் பாஸும், ‘அட்டாக் ஆஃப் த 50 ஃபுட் உமன்’ போஸ்டரை வரைந்த ரெனால்ட் பிரவுனும் ஒரே காலத்தவர்களா? பாஸ் நவீனம், பிரவுன் பழைய பாணி என்று எடுத்துக்கொள்ளலாமா? இருவரில் யார் ஒசத்தி?

ஒரே காலம் என்ன, ஒரே மாதம். நீங்கள் சொன்ன இரண்டு படங்களும் 1958 மே மாதம் அமெரிக்காவில் வெளிவந்தவை. வயதிலும் பெரிய வித்தியாசமில்லை: பிரவுன் 1917-இல் பிறந்தவர், பாஸ் 1920-இல். அதனால் ‘பழசு, புதுசு’ என்ற கணக்கு இங்கே செல்லாது. இருவருக்கும் கொடுக்கப்பட்ட வேலை வேறு வேறு. அதைப் பார்த்தால்தான் பாணி புரியும்.

போருக்குப் பிறகு ஹாலிவுட்டுக்கு இரண்டு அடி விழுந்தது. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் தியேட்டர்களைக் கைவிட வேண்டியதாயிற்று. கூடவே தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது. நம் தியேட்டர், நம் படம், கூட்டம் தானாக வரும் என்ற நிலை போய், ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக விற்க வேண்டிய கட்டாயம் வந்தது. ஓட்டோ பிரெமிஞ்சர் போன்ற சுயேச்சைத் தயாரிப்பாளர்கள் ‘என் படம் மற்ற படம் மாதிரி இல்லை’ என்று காட்ட விரும்பினார்கள். அவர்களுக்கு பாஸ் கிடைத்தார். காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் கொட்டகைகளுக்கு இளவட்டங்களை இழுக்க நினைத்தவர்களுக்கு ராட்சசச் சிலந்தியும் நீர்வாழ் மிருகமும் தேவைப்பட்டன; அவர்களுக்கு பிரவுன் கிடைத்தார்.

பாஸ் செய்தது, படத்துக்கு ஒரு முத்திரை. 1955-இல் வந்த ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ போதைக்கு அடிமையான ஒரு சீட்டாட்டக்காரனின் கதை. போதைப்பொருள் விவகாரம் என்பதால் அமெரிக்கத் தணிக்கை அமைப்பு அனுமதி தர மறுத்த படம். பாஸ் ஊசியை வரையவில்லை, மயங்கிக் கிடக்கும் ஆளையும் வரையவில்லை. முறுக்கிக் கோணலாகக் கீழிறங்கும் ஒரு கருப்புக் கை, அவ்வளவுதான். அதே கை விளம்பரத்தில் வந்தது, படத்தின் டைட்டிலில் அசைந்தது. கையை ஒரு முறை பார்த்தவன் பெயரைப் படிக்காமலே படத்தை அடையாளம் கண்டுகொள்வான். ஒன்று கவனியுங்கள்: அந்த போஸ்டரிலும் ஃபிராங்க் சினாட்ரா, எலினார் பார்க்கர், கிம் நோவாக் மூவரின் புகைப்படங்கள் கட்டங்களுக்குள் உண்டு. நட்சத்திர முகம் இல்லாமல் படம் விற்க அங்கேயும் துணிச்சல் வரவில்லை. இன்று இணையத்தில் சுற்றும் ‘சுத்தமான’ வடிவங்கள் பலவற்றில் அந்த முகங்களை நீக்கியிருக்கிறார்கள்.

பிரவுன் செய்தது, படத்தில் இல்லாத காட்சி. ஐம்பதடிப் பெண் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் இரு பக்கமும் கால் ஊன்றி நிற்கிறாள், கையில் கார், கீழே சிதறி ஓடும் ஜனங்கள். படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அப்படி ஒரு காட்சி அதில் கிடையாது. ஒரு படத்தின் மேல் இன்னொன்றைப் பதியும் மலிவான இரட்டைப் பதிவில் எடுத்ததால் படத்து ராட்சசி பல இடங்களில் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறாள். அளவிலும் பிரவுன் தாராளம். ஐந்தரை அடி மனிதரின் கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, ஏழு அங்குலம் என்றால், 50 அடிக்காரியின் கை சுமார் ஐந்தே கால் அடிதான் வரும். அந்தக் காலத்து அமெரிக்கக் கார் 16 அடிக்குக் குறையாது. தன் கையைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள இரும்பை அவள் எவ்வளவு லாவகமாகத் தூக்குகிறாள் பாருங்கள். இது பிழை இல்லை, தொழில். ஏமாற்று வேலையும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாலத்தின் சரிவு, சிறு கார்களின் நிழல், அவள் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதெல்லாம் பிசிறில்லாமல் அமைந்திருப்பதால்தான் கண் அதை நம்புகிறது. போர்க்காலத்தில் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் விமான நிறுவனத்தில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்த கை அது.

பிரவுன் என்றால் நெரிசல் என்றும் நினைத்துவிடாதீர்கள். அதே 1958-இல் ‘கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்’ படத்துக்கு எலிசபெத் டெய்லரை ஒரு கட்டிலில் உட்கார வைத்து வரைந்தார். சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் அந்த ஒற்றை உருவமே சொல்லிவிடுகிறது.

ஒசத்தி எது என்று கேட்டீர்கள். யோசனையில் பாஸ், கைவேலையில் பிரவுன். பாஸின் அலுவலகத்தில் ஆர்ட் குட்மேன் போன்ற தேர்ந்த வரைகலைஞர்கள் இருந்தார்கள், உருவங்களில் அவர்கள் கை உண்டு. பிரவுனின் ஓவியத்தை வேறு ஒருவரிடம் கொடுத்து முடித்திருக்க முடியாது. ஆனால் பெயர் கிடைத்தது பாஸுக்குத்தான், ஏனென்றால் அவர் பெயர் டைட்டிலிலேயே திரையில் வந்தது. 200-க்கும் மேற்பட்ட போஸ்டர்கள் வரைந்த பிரவுனை அந்தக் காலத்து ரசிகர்களில் பலருக்குத் தெரியாது.

புரசைவாக்கம், நுண்கலை மாணவி: ஒரே தமிழ்க் கதைக்கு இரண்டு போஸ்டர்கள், ஒன்று பாஸ் முறையில், ஒன்று பிரவுன் முறையில் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கூடாது. எங்கே தொடங்குவது? எங்கே சொதப்பும்?

பாஸ் முறையை முதலில் முடியுங்கள் அம்மா. அது சுலபம் என்பதால் சொல்லவில்லை. கதையில் எது முக்கியம் என்று அது உங்களைத் தீர்மானிக்க வைத்துவிடும், அந்தத் தெளிவு அடுத்ததற்கும் உதவும்.

தீப்பெட்டி அளவில் இருபது கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் கருப்பு மையால் ஒரே ஒரு பொருளை வையுங்கள். உடலின் ஒரு பகுதி, ஒரு சாவி, ஒரு படிக்கட்டு, எதுவானாலும் சரி. தீப்பெட்டி அளவில் புரியாதது சுவர் அளவிலும் புரியாது. தேறிய ஒன்றை A3 அட்டையில் கலர் பேப்பர் வெட்டிச் செய்யுங்கள். கருப்பு தவிர இரண்டு நிறம் போதும், மூன்றாவது எடுத்தால் அதற்குக் காரணம் சொல்ல முடிய வேண்டும். பென்சிலால் வரைந்துகொண்டு அந்தக் கோட்டிலேயே வெட்டினால் வடிவம் செத்துவிடும். வளைவுக்குக் கத்தரியை ஒரே இடத்தில் வைத்துக் காகிதத்தைத் திருப்புங்கள், நேர்க்கோட்டுக்கு கட்டர். ஓரம் கோணலாக வரலாம், ஆனால் அந்தக் கோணலுக்குக் கதையில் வேலை இருக்க வேண்டும். ‘கோல்டன் ஆர்ம்’ போஸ்டரில் அந்தக் கையின் முறுக்கல் போதைக்கு அடிமையான சீட்டாட்டக்காரன் படும் பாடு. உங்கள் கதை நிதானமானது என்றால் அந்த முறுக்கலைக் கடன் வாங்காதீர்கள்.

ஒட்டுவதற்கு முன் துண்டுகளை நகர்த்தி நகர்த்தி போனில் கருப்பு-வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தாலும் கருப்பு-வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடும். அப்படியானால் தூரத்தில் உருவம் தேறாது. ஒட்ட குளூ ஸ்டிக் பயன்படுத்துங்கள். ஃபெவிகால் போன்ற நீர்ப்பசை மெல்லிய காகிதத்தை ஊற வைத்துச் சுருக்கும்.

எழுத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாஸின் எழுத்துகள் வெட்டிய துண்டுகள் போல ஏற்ற இறக்கமாக இருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரப் பெட்டிக்குள் அடங்குவதால் அது சாத்தியம். தமிழில் மேலே ‘ி’, கீழே ‘ு’ என்று பெட்டியை விட்டு எழுத்து வெளியே வரும். ஒரு பங்கு உயரம் எழுத்துக்கு என்றால், மேலே அரைப் பங்கு, கீழே அரைப் பங்கு காலி இடம் முதலிலேயே விடுங்கள். ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகளைச் சின்னதாக வெட்டினால் தூரத்தில் அடைந்து கருப்புக் கட்டியாகிவிடும். உட்துளை, கோட்டுத் தடிமனில் பாதிக்குக் குறையக் கூடாது. புள்ளியை வட்டமாக வெட்ட வேண்டியதில்லை, சதுரமாகவே வையுங்கள். அது அழகாக உட்காரும்.

இனி பிரவுன். கதையில் எந்த இடத்தில் அளவு வித்தியாசம் அதிகம் என்று தேடுங்கள்: பெரியது எதிரே சிறியது, ஒருவர் எதிரே கூட்டம். கதையில் இல்லையென்றால் உண்டாக்குங்கள், அதுதான் அவர் முறை. பென்சில் முனை காகிதத்தில் படுவதற்கு முன் தலைப்புக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் கோடு போட்டு ஒதுக்குங்கள். ஓவியம் முடிந்தபின் எழுத்துக்கு இடம் தேடினால் கடைசியில் யாராவது ஒருவர் காலை வெட்ட வேண்டி வரும்.

தோழியை நிற்க வைத்து முழங்கால் உயரத்திலிருந்து போனில் படம் எடுங்கள்; கீழிருந்து பார்த்தால்தான் உருவம் ஓங்கும். ஒரே ஒரு விளக்கு, ஒரு பக்கமாக. எல்லா உருவத்துக்கும் அதே பக்கத்து ஒளி. இந்த வகை போஸ்டரில் நான் அதிகம் பார்க்கும் குறை இது: வெவ்வேறு ஸ்டில்களிலிருந்து முகம் எடுத்து, நாயகனுக்கு இடப்பக்கம் நிழல், நாயகிக்கு வலப்பக்கம் நிழல் என்று விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு முகமும் நன்றாக இருக்கும், மொத்தம் ஒட்டாது.

போட்டோவில் ஒரு அங்குலக் கட்டம், அட்டையில் இரண்டு அங்குலக் கட்டம் என்று போட்டு மாற்றுங்கள். போஸ்டர் கலரில் நடு நிறம் முதலில், பிறகு நிழல், ஒளி கடைசியில். இருண்ட நிறம் காய்ந்ததும் சற்று வெளுக்கும், வெளிர் நிறம் காய்ந்ததும் சற்று இருளும். அதனால் ஓரத் துண்டில் தடவிக் காயவிட்டுப் பார்த்த பிறகே முகத்தில் வையுங்கள். மேல் பூச்சில் தண்ணீர் அதிகமானால் அடிப் பூச்சு கரைந்து சேறாகும். முகம், கை, ஆயுதம் இவற்றுக்கு மட்டும் கூர்மையான ஓரம். மற்றதெல்லாம் கொஞ்சம் மங்கட்டும். எல்லாவற்றையும் கூர்மையாக வரைந்தால் கண் எங்கே போவதென்று தெரியாமல் திண்டாடும்.

அண்ணா நகர் வாசகர்: ‘வெர்டிகோ’வின் ‘1958 ஒரிஜினல்’ போஸ்டர் என்று ஒருவர் விற்கிறார். 24×36 அங்குலம், மடிப்பே இல்லை, புத்தம் புதிதாக இருக்கிறது. வாங்கலாமா?

அலங்காரத்துக்கு என்றால் அலங்கார விலைக்கு வாங்குங்கள். ஒரிஜினல் விலைக்கு வேண்டாம். ‘ஒன் ஷீட்’ எனப்படும் அந்தக் காலத்து வழக்கமான அமெரிக்கத் தியேட்டர் போஸ்டர் 27×41 அங்குலம். தியேட்டர்களுக்கு மடித்தே அனுப்பினார்கள். குறுக்கே மூன்று மடிப்பு, நெடுக்கே ஒன்று, விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். மடிக்காமல் சுருட்டி அனுப்பும் வழக்கம் 1980-களில்தான் பரவலானது. கீழ் ஓரத்தில் நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற விநியோக நிறுவனத்தின் எண் இருக்கும்: 58 என்று ஆண்டு, சாய்கோடு, பிறகு படத்தின் எண். ஆண்டுக்கு முன் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மறுவெளியீட்டுக்கு அச்சிட்டது.

24×36 என்பது இன்றைய அலங்கார போஸ்டர் அளவு. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் கையில் இருந்தால் இன்னொரு சோதனை: ஆரஞ்சு பின்னணியைப் பாருங்கள். சேர்ந்தாற்போல் ஒரே மையாகத் தெரிவது நல்ல அறிகுறி. மஞ்சள் புள்ளியும் மெஜந்தா புள்ளியுமாகப் பிரிந்து தெரிந்தால் ஸ்கேன் செய்து நான்கு வண்ணத்தில் அச்சிட்டதாக இருக்கலாம். புள்ளிகள் வரிசை இல்லாமல் தூவியது போல் இருந்தால் இங்க்ஜெட். பேரமே வேண்டாம்.

ராயபுரம் வாசகர்: அந்தக் காலத்து மவுண்ட் ரோடு பேனர்களைப் பார்த்தால் பிரவுன் பாணி போலவே இருக்கிறது. நம் ஓவியர்கள் அமெரிக்க போஸ்டர்களைப் பார்த்துக் காப்பி அடித்தார்களா?

கேசினோவிலும் மினர்வாவிலும் ஆங்கிலப் படங்கள் ஓடிய ஊர் இது, அவர்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒற்றுமைக்குக் காப்பி என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. தூரத்திலிருந்து வருகிறவனை நிறுத்தி டிக்கெட் வாங்க வைப்பதுதான் இரண்டு ஊரிலும் வேலை, அதற்கு ஓங்கிய உருவமும் உணர்ச்சி கொப்பளிக்கும் முகமும் தேவை.

செய்முறையில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். பிரவுனின் ஓவியம் அட்டையில் ஒரு முறை வரைந்து, ஆயிரக்கணக்கில் அச்சானது. அதனால் தியேட்டர் வாசலில் இரண்டடி தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கும் தாங்க வேண்டும். நம் பேனர் ஓவியர் வரைந்ததுதான் கடைசிப் பிரதி. அடுத்த தியேட்டருக்கு அதையே மறுபடி வரைய வேண்டும். ஸ்டில்லில் ஒரு அங்குலக் கட்டம், துணியில் ஒரு அடிக் கட்டம் என்று போடுவார்கள். அல்லது இரவில் துணியின் மேல் படத்தை விளக்கால் விழ வைத்துக் கோடு இழுப்பார்கள். பொடி வண்ணத்தில் ஆளி விதை எண்ணெய் குழைத்து, கன்னத்தில் ரோஸ், தாடைக்குக் கீழே பச்சை, நெற்றி ஓரத்தில் நீலம் என்று அகலமாக இழுத்து விடுவார்கள். கிட்டே போனால் திட்டுத் திட்டாக, யார் முகம் என்றே தெரியாது. எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்தால் ஈரம் ததும்பும் கண்ணும் சிவந்த கன்னமுமாக சிவாஜி நிற்பார். பிரவுனுக்கு அந்தப் பச்சையை வைக்கத் துணிவு வந்திருக்காது, வைக்கத் தேவையும் இல்லை.

இன்னொன்று. பிரவுன் போஸ்டரில் பெரியது எது என்பதைக் கதை சொல்லும். ஒரு முறை சிலந்தி, ஒரு முறை பெண். நம்மிடம் அதை நட்சத்திரத்தின் மார்க்கெட் சொல்லும். 1957-இல் ‘வணங்காமுடி’க்கு மோகன் ஆர்ட்ஸ் நிறுத்திய சிவாஜி கட்-அவுட்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்களே, அதில் கதை எங்கே இருந்தது? இப்போது வரும் ‘ஃபர்ஸ்ட் லுக்’குகள் பாஸின் ஒற்றைச் சின்னத்தையும் பிரவுனின் ஓங்கிய உருவத்தையும் கலந்து அடிக்கின்றன. பெரும்பாலும் சின்னம் ஹீரோவின் தாடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

வேளச்சேரி வாசகி: ஒரு ஓவியரின் பாணியை எடுத்துக்கொள்வது திருட்டா?

பாணி பொதுச் சொத்து, குறிப்பிட்ட வடிவம் அப்படி அல்ல. 1959-இல் ‘அனாடமி ஆஃப் எ மர்டர்’ படத்துக்கு பாஸ் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும் ஒரு மனித நிழலுருவைச் செய்தார். 1995-இல் ஸ்பைக் லீயின் ‘கிளாக்கர்ஸ்’ போஸ்டரில் கிட்டத்தட்ட அதே உடல் வந்தது. அது மரியாதை என்றது அந்தத் தரப்பு, திருட்டு என்று கொதித்தார் பாஸ். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் பாஸ் கட்சி.

பெசன்ட் நகர் வாசகி: அப்பா சேர்த்து வைத்த அறுபதுகளின் தமிழ் போஸ்டர்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. கடற்கரை வீடு. லாமினேட் செய்து மாட்டலாமா?

லாமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகி ஒட்டும் பசையைப் பிறகு பிரிக்க முடியாது, காகிதம் உள்ளேயே மஞ்சளாகும். நம் ஊர் போஸ்டர் காகிதம் மலிவானது, தானாகவே நொறுங்கும் குணம் உள்ளது. செலோ டேப்பும் போடாதீர்கள், அதன் பசை இறங்கிப் பழுப்புக் கறை விழும். கிழிந்திருந்தால் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் கொண்டு பின்பக்கம் ஒட்டலாம், அதுவும் பழகிய கையால்.

மடிப்பைப் பிரித்துத் தட்டையாக, அமிலமில்லாத தாள் இடையில் வைத்து, பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். பிவிசி உறை ஒட்டிக்கொள்ளும். மாட்டுவதென்றால் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே மூன்று, நான்கு மில்லிமீட்டர் இடைவெளி தரும் மவுண்ட் வேண்டும். கண்ணாடியில் நேராகப் படிந்தால் ஈரக் காற்றில் மை அதில் ஒட்டிக்கொள்ளும். கடல் பார்த்த சுவரும் குளியலறைச் சுவரும் ஆகாது. உள்சுவரில், வெயில் படாத இடத்தில், ஃபிரேமின் பின்பக்கம் சுவரைத் தொடாதபடி சிறு கட்டை வைத்து மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு முறை கழற்றிப் பின்பக்கம் பூஞ்சை இருக்கிறதா, வெள்ளிப்பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பசை என்றால் உயிர்; சுவரில் ஒட்டி உரித்த போஸ்டர்களைத்தான் முதலில் தின்னும்.

மயிலாப்பூர், நாடகக் குழுவினர்: எங்கள் நாடகத்துக்குப் பாஸ் மாதிரி ஒரு போஸ்டர் போடுகிறோம். 20×30 அங்குலத் தாள். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைப்பு தெரிய வேண்டும். எழுத்து எத்தனை பெரிதாக வேண்டும்? பசை எப்படிக் காய்ச்சுவது?

பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது நடைமுறைக் கணக்கு. சாலை 60 அடி என்றால் எழுத்து ஆறு அங்குலம். தமிழ் எழுத்துகள் உயரத்துக்குச் சமமாகவாவது அகலம் கேட்கும், ஆகவே 20 அங்குல அகலத்தில் மூன்று எழுத்துதான் கொள்ளும். உங்கள் தலைப்பு எட்டெழுத்து என்றால் மூன்று வரியாகும், சின்னத்துக்கு இடமே இருக்காது. இரண்டு தாளைச் சேர்த்து 30×40 ஆக்குங்கள், அல்லது 30 அடியிலிருந்து தெரிந்தால் போதும் என்று மூன்று அங்குலத்துக்கு இறங்குங்கள். தேதி, சபா பெயர், நேரம் எல்லாம் ஒரே பொடி வரியாக அடியில் போகட்டும். நின்று பார்க்கிறவன் கிட்டே வருவான்.

பசைக்கு கால் கிலோ மைதா, இரண்டு லிட்டர் தண்ணீர். மைதாவை அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒன்றரை லிட்டரில் கிண்டிக்கொண்டே ஊற்றுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்குங்கள். பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம்; அது விஷம், அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. ஆறிய பசையைச் சுவரில் தடவி, தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவே காற்று அடைந்து உப்பும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக 1959-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, ஆகவே சபா வாசல் பலகையிலும், உரிமையாளர் சம்மதித்த சுவரிலும் மட்டும்.